கியூரி வெப்பநிலைக்குச் சொந்தக்காரர்

மலர்க் குழுவினர் போன் செய்து கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், கட் அடித்த வகுப்புகள், அரியர், பஸ் பாஸ் எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கோ வேறு ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருட ஆசை. ஆசை என்பதைவிடக் கடன் என்று சொன்னால் சரியாக இருக்கும். அது என்ன கடன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வருட இயற்பியல் வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கியூரி வெப்பநிலை என்றால் என்ன என்று கேட்டார். டூ மார்க் கேள்விதானே! இரும்பு போன்ற பொருள் தன் காந்தத் தன்மையை இழக்கும் வெப்பநிலை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சரி, இந்தக் கியூரி யார் என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் மேடம் கியூரி என்றேன். தேர்வாளர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற எங்கள் இயற்பியல் சார் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். அது மேடம் கியூரியின் கணவர் பியர் கியூரி என்றும், கல்யாணத்துக்கு முன்பே அவர் முடித்துவிட்ட வேலை என்றும் சொல்லி, நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

அன்று கடமைக்குப் படித்தேன். இன்று லேசர் இயந்திரங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில், அந்த மனிதரை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம்கூடக் கழிவதில்லை.

பள்ளிக்கூடம் போகாத பையன்

பியர் கியூரி 1859 மே 15 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா யூஜீன் கியூரி ஒரு டாக்டர். ழாக் என்று ஒரு அண்ணன். பியர் சிறு வயதில் பள்ளிக்கூடப் படியையே மிதித்ததில்லை. பையனுக்கு ஒரு விஷயத்தில் மனசு போய்விட்டால் அதிலிருந்து சட்டென்று இன்னொன்றுக்குத் தாவ வராது. மணி அடித்ததும் கணக்கை மூடிவிட்டு வரலாற்றைத் திறக்கச் சொன்னால் அவனால் முடியாது. இதை மந்தம் என்று பட்டம் கட்டாமல், வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார் அப்பா. அம்மாவும் அண்ணனும் சொல்லிக் கொடுத்தார்கள். பதினான்கு வயதில் ஒரு நல்ல கணக்கு வாத்தியார் அமைந்தார்.

பிறகு என்ன! 16 வயதில் பள்ளி இறுதிக்குச் சமமான பட்டம்; 18 வயதில் இயற்பியலில் பல்கலைக்கழகப் பட்டம். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதி போதவில்லை. 1878-ல் சொர்போன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களுக்குச் சோதனைக் கருவிகளை ஒழுங்கு செய்து கொடுக்கும் வேலை. அங்கே அவர் செய்த முதல் ஆராய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களின் அலைநீளத்தை அளப்பது. வெப்பம் அவரை அன்று பிடித்தது; கடைசி வரை விடவில்லை.

சாம்பலை இழுக்கும் கல்

அண்ணன் ழாக் அப்போது கனிமவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குப் படிகங்கள் தெரியும். தம்பிக்கு அளக்கத் தெரியும். இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

டூர்மலின் என்று ஒரு கல். 1700-களின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இதை இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். சூடாக்கினால் இந்தக் கல் பக்கத்தில் உள்ள சாம்பலைத் தன்பால் இழுக்கும். அதனால் டச்சுக்காரர்கள் இதற்குச் சாம்பல் இழுப்பான் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சூடு பட்டால் கல்லின் இரு முனைகளிலும் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதுதான் காரணம். இது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கைதான். சகோதரர்கள் இருவரும் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். சூடும் குளிரும் கல்லை விரியவும் சுருங்கவும் வைக்கின்றன. அப்படியானால் சூடே இல்லாமல் வெறுமனே அழுத்தினாலும் மின்சாரம் வர வேண்டாமா?

கண்ணை மூடிக்கொண்டு கிடைத்த கல்லையெல்லாம் அவர்கள் அழுத்தவில்லை. எந்தப் படிகத்தில் வரும், எந்தத் திசையில் வெட்டினால் வரும் என்பதைப் படிகத்தின் சமச்சீரிலிருந்தே முன்கூட்டிச் சொன்னார்கள். வெட்டிய துண்டின் இரு பக்கமும் தகரத் தாள் ஒட்டி, அழுத்தி, மின்மானியில் பார்த்தார்கள். 1880-ல் அழுத்த மின்சாரம் உலகுக்குத் தெரிந்தது. டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், ரோஷல் உப்பு, ஏன், நாம் காபியில் போடும் சர்க்கரைப் படிகத்தில்கூட வந்தது! அப்போது பியருக்கு வயது 21.

மறு வருடம் லிப்மன் என்ற இயற்பியலாளர், இதற்கு நேர் எதிரான விளைவும் இருந்தாக வேண்டும், மின்சாரம் கொடுத்தால் படிகம் நீளவோ குறுகவோ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதி செய்தார்கள். இன்று நம்ம வீட்டு அடுப்படியில் டக் என்று அடிக்கும் கேஸ் லைட்டரும், கையில் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரமும் அந்த இரண்டு இளைஞர்களின் வாரிசுகள்தான்.

நடைவழியில் ஒரு ஆய்வகம்

1882-ல் பாரிஸ் நகராட்சி, தொழில்துறைக்கு இன்ஜினீயர்களை உருவாக்க இயற்பியல் – வேதியியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. பியர் அங்கே ஆய்வகத் தலைவராகப் போனார். மாணவர்களைவிடச் சில வயதே மூத்தவர். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆய்வகத்தை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அமைக்க வேண்டும், பையன்களுக்குச் சோதனை சொல்லித் தர வேண்டும், ரெக்கார்டு பார்க்க வேண்டும். நம் கல்லூரியில் இளம் விரிவுரையாளர்கள் படும் பாட்டை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ழாக்கும் வேலை கிடைத்து மோன்பெலியே நகருக்குப் போய்விட்டார். தம்பி தனி ஆள்.

சொந்த ஆராய்ச்சிக்கு அவருக்கென்று ஒரு அறைகூடக் கிடையாது. மாடிப்படிக்கும் சோதனைத் தயாரிப்பு அறைக்கும் நடுவே இருந்த நடைவழிதான் அவருடைய ஆய்வகம்! பையன்கள் போவதும் வருவதுமாக இருக்கும் அந்த இடத்தில்தான் நுணுக்கமான அளவுகளை எடுத்தார். பிஎச்.டி. கிடையாது, பதவி உயர்வு கேட்டு யாரையும் பார்க்கப் போகும் பழக்கமும் கிடையாது. கல்லூரி நிர்வாகம் அவருக்கு ஒரு அரசு விருது வாங்கித் தர நினைத்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் கடல் கடந்து பிரிட்டனில் இருந்த கெல்வின் பிரபுவுக்கு அவருடைய அருமை தெரிந்திருந்தது. கெல்வின் அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பாரிஸ் வந்தபோது தேடிப் போய்ப் பார்த்தார்.

அந்த நடைவழிக் காலத்தில் பியர் யோசித்துக்கொண்டிருந்தது சமச்சீர் பற்றி. நம் வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சுற்று திருப்பினாலும் அதே கோலம் என்றால் அதற்கு ஒரு சமச்சீர் இருக்கிறது. படிகத்துக்குள் அணுக்கள் போட்டிருக்கும் கோலத்துக்கும் அப்படித்தான். 1894-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு பொருளில் ஒரு விளைவு தோன்ற வேண்டுமானால், அந்த விளைவுக்குத் தடையாக இருக்கும் சமச்சீர் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் ஒரு பக்கமாக எதுவும் நடக்காது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எந்தப் பொருளை வைத்துச் சோதனை செய்யலாம், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதைக் கருவியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடும் சூத்திரம் அது.

உலையும் காந்தமும்

அதே வருடங்களில் அவருடைய கை செய்த வேலை வேறு. பொருள்களைச் சூடாக்கினால் அவற்றின் காந்தத் தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்தார். ஒரு சிறு துண்டை உலைக்குள் வைத்து, அதை மின்காந்தம் எவ்வளவு பலமாக இழுக்கிறது அல்லது தள்ளுகிறது என்பதை முறுக்குத் தராசில் பார்க்க வேண்டும். அறை வெப்பநிலையிலிருந்து சுமார் 1400 டிகிரி செல்சியஸ் வரை. சில பொருள்களில் அந்த விசை மிகமிகச் சிறியது. பக்கத்தில் யாராவது வேகமாக நடந்தால்கூட அளவு கெட்டுவிடும், இடமோ நடைவழி!

இப்படி வருடக்கணக்காக அளந்து மூன்று விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். சில பொருள்கள் காந்தத்தை லேசாக விலக்கும். சூடு அவற்றை அநேகமாகப் பாதிப்பதில்லை. ஆக்சிஜன் போன்றவை லேசாக இழுபடும்; தனி வெப்பநிலை இரண்டு மடங்கானால் இழுப்பு பாதியாகும். இதுதான் கியூரி விதி. இரும்பு, நிக்கல் போன்றவை பலமான காந்தங்கள். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் அந்தப் பலத்தை இழந்து இரண்டாவது வகையைப் போல ஆகிவிடும். இரும்புக்கு அது சுமார் 770 டிகிரி. இதைப் பார்த்த பியர், இது திரவம் வாயுவாகும் எல்லையில் நடப்பதைப் போல இருக்கிறதே என்று குறித்து வைத்தார். வெறும் அட்டவணை போடுகிறவனுக்கு இது தோன்றாது. பொருள் அதேதான், உள்ளே அடுக்கு குலைந்துவிட்டது என்பதன் முதல் வாசனை அது.

1895 மார்ச்சில் இதையே ஆய்வேடாகக் கொடுத்து டாக்டர் பட்டம் பெற்றார். வயது 35. அந்த வைவாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் போலந்திலிருந்து படிக்க வந்த மரியா ஸ்க்லோதோவ்ஸ்கா என்ற பெண்ணும் ஒருவர். அதற்கு முந்தைய வருடம்தான் அறிமுகம். 1895 ஜூலை 26 அன்று ஸோ என்ற ஊரில் கல்யாணம். மோதிரமோ விருந்தோ பெரிதாக இல்லை. ஆளுக்கொரு சைக்கிளில் கிராமங்களைச் சுற்றினார்கள். மேடம் கியூரி என்று உலகம் அழைக்கும் பெயர் அன்றுதான் பிறந்தது.

வகுப்பில் மணி அடித்தால்

இங்கே சற்று நிறுத்தி, சமச்சீர் ஒரு பக்கமும் வெப்பம் ஒரு பக்கமுமாக அவர் விட்டுச் சென்றது இன்று எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

1960-ல் லேசர் வந்தது. மறு வருடமே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ரூபி லேசரின் சிவப்பு ஒளியை ஒரு படிகத்துக்குள் செலுத்தினார்கள். 694.3 நானோமீட்டர் அலைநீளம் உள்ளே போனது. வெளியே அதோடு சேர்ந்து, சரியாகப் பாதி அலைநீளத்தில், 347.2 நானோமீட்டர் புற ஊதா ஒளியும் மிகச் சிறிய அளவில் வந்தது. புகைப்படத் தகட்டில் அது ஒரு சின்னப் புள்ளி. அச்சிட்ட இதழில் அதைத் தூசு என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. எந்தப் படிகம் தெரியுமா? குவார்ட்ஸ். பியரும் ழாக்கும் அழுத்திப் பார்த்த அதே குவார்ட்ஸ்!

இது தற்செயல் இல்லை. ஒளி படிகத்துக்குள் போகும்போது எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஊஞ்சல் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆடினால் நீங்கள் தள்ளிய தாளம்தான் திரும்பி வரும். ஒரு பக்கம் மட்டும் சுவரில் உரசினால் ஆட்டம் கோணலாகும். அந்தக் கோணலுக்குள் இரட்டைத் தாளம் ஒளிந்திருக்கும். ஒளி பலமாக இருந்தால் அந்த இரட்டை அதிர்வெண் தனி நிறமாகவே வெளியே வரும். உள்ளே போனதற்கு நேர் விகிதத்தில் வெளியே வராததால் இதற்கு நேரிலா ஒளியியல் என்று பெயர். எலக்ட்ரானுக்கு இடமும் வலமும் வேறு வேறாக இருக்க வேண்டுமானால், படிகத்துக்குச் சமச்சீர் மையம் இருக்கக்கூடாது. அழுத்த மின்சாரத்துக்குப் பியர் போட்ட அதே நிபந்தனை.

இப்போது வெப்பம் எங்கே வருகிறது? நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். சார் பாடம் நடத்தும்போது அறுபது பேரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வகுப்புக்கு ஒரு திசை இருக்கிறது. இன்டர்வெல் மணி அடிக்கிறது. அதே அறுபது பேர், அதே பெஞ்சுகள். ஆனால் ஒருவன் ஜன்னல் பக்கம், ஒருவன் பின் பெஞ்சுப் பக்கம், ஒருவன் கதவுப் பக்கம். சராசரி பார்த்தால் திசையே இல்லை. சார் மறுபடி உள்ளே வந்தால் பழைய திசை. படிகத்தில் வெப்பம்தான் அந்த மணி. குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மூலக்கூறுகள் ஒரு பக்கமாக அடுக்கி நிற்கின்றன. இரட்டை அதிர்வெண் ஒளி வருகிறது. அதைத் தாண்டினால் அடுக்கு கலைந்து சமச்சீர் மையம் வந்துவிடுகிறது, ஒளி நின்றுவிடுகிறது. குளிர வைத்தால் திரும்ப வருகிறது. அந்த எல்லைக்கும் கியூரி வெப்பநிலை என்றுதான் பெயர்.

அமெரிக்காவில் வலாசெக் என்பவர் 1920-ல் ரோஷல் உப்பில் மின்சாரத்தின் காந்தத் தோழனைக் கண்டுபிடித்தார். காந்தத்தில் வடக்கு தெற்கு போல, இதில் தானாகவே நிலைத்து நிற்கும் நேர் – எதிர் மின் முனைகள். சூடாக்கினால் இதுவும் இரும்பைப் போலவே மாறியதால் பியரின் பெயரையே அந்த எல்லைக்கும் வைத்துக்கொண்டார்கள். பேரியம் டைட்டனேட்டுக்கு அது சுமார் 120 டிகிரி. ட்ரைகிளைசின் சல்பேட், சுருக்கமாக டி.ஜி.எஸ்., அதற்கு 49 டிகிரி. நம் ஊர் மே மாத வெயிலில் காரை மூடி வைத்தால் உள்ளே எட்டிவிடும் சூடு!

கடந்த பல வருடங்களாக வேதியியலாளர்கள் இதையே ஒரு சுவிட்சாகச் செய்யப் பார்க்கிறார்கள். கரிம மூலக்கூறும் உலோக உப்பும் கலந்த புதுப் படிகங்களைச் செய்கிறார்கள். சில சூடானால் அணையும். சில சூடானால்தான் எரியும். இரண்டாவது வகையில், குளிர்ந்த நிலையில் மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. சூடு அந்த ஜோடிப் பொருத்தத்தைக் கலைக்கும்போது ஒரு திசை மிஞ்சுகிறது. நல்ல சுவிட்சுக்கு எதிர்பார்ப்பது மூன்று: எரிவதற்கும் அணைவதற்கும் பளிச்சென்று வித்தியாசம் வேண்டும், நமக்குத் தோதான வெப்பநிலையில் மாற வேண்டும், பலமுறை மாறினாலும் படிகம் விரிசல் விடக்கூடாது. இந்த மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. உள்ளே அடுக்கு மாறும்போது படிகத்தின் அளவும் மாறுமே!

இந்த விஷயத்தில் நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1940-ல் பெங்களூரில் ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கி, 573 டிகிரியில் அது உருமாறப் போகும்போது அதன் ஒரு அதிர்வு எப்படித் தளர்ந்து போகிறது என்று ராமன் விளைவைக் கொண்டே காட்டினார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-ல் படிக வளர்ச்சி மையம் தொடங்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகளின் இயற்பியல் துறையில், ஒரு மூலையில், பீக்கரில் நேரிலா ஒளியியல் படிகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. நம் கல்லூரியும் அதில் ஒன்று.

என் பிழைப்பிலும் இது ஒரு முறை வந்து மாட்டியது. கோவையில் ஒரு தொழிற்சாலையில் பச்சை லேசர் பழுது. அகச்சிவப்பு ஒளியை எல்.பி.ஓ. என்ற படிகம் பச்சையாக மாற்றித் தரும் இயந்திரம் அது. அகச்சிவப்பு நன்றாக இருக்கிறது, பச்சை மட்டும் வரவில்லை. இரண்டு நாள் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து நான்தான் தேய்ந்தேன். படிகத்தைச் சுமார் 150 டிகிரியில் வைத்திருக்கும் குட்டி அடுப்பின் சென்சார் வயர் விட்டிருந்தது. ஈரம் படாமல் இருக்கத்தான் அந்தச் சூடு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்! இங்கே சமச்சீர் மாறுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிகத்தின் வெவ்வேறு இடத்தில் பிறக்கும் பச்சை அலைகள் ஒன்றாகக் கால் வைத்து நடக்க ஒளிவிலகல் எண்கள் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைத்தான் வெப்பம் தருகிறது. வழி வேறானாலும் பாடம் ஒன்றுதான்: படிகத்திடம் வேலை வாங்குகிறவன் அதன் வெப்பநிலையை முதலில் கேட்க வேண்டும்.

ரேடியமும் ஒரு கடிதமும்

1898-க்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. மேரியின் ஆராய்ச்சி சூடு பிடித்ததும் பியர் தன் படிகங்களை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். கதிரியக்கத்தை அளக்க உதவியது சகோதரர்கள் செய்து வைத்திருந்த குவார்ட்ஸ் கருவிதான். அந்த ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். இடம், முன்பு பிணம் அறுக்கும் அறையாக இருந்த ஒரு ஒழுகும் கொட்டகை. 1903-ல் லபோர்ட் என்பவரோடு சேர்ந்து ஒரு கிராம் ரேடியம் மணிக்கு ஏறக்குறைய 100 கலோரி வெப்பம் விடுகிறது என்று அளந்தார். தன் எடையளவு பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்கிவிடும் சூடு. நெருப்பும் இல்லை, கரியும் இல்லை! மறுபடியும் வெப்பம்.

அதே 1903-ல் நோபல் பரிசு. முதலில் பரிந்துரையில் இருந்த பெயர்கள் பெக்கரலும் பியரும் மட்டும்தான். மேரியின் பெயரே இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த கணித அறிஞர் மித்தாக்-லெஃப்லர் இதைப் பியருக்குத் தெரியப்படுத்தினார். விருதே வேண்டாம் என்ற மனிதர், இதற்குச் சும்மா இருக்கவில்லை. இந்த வேலையில் மேரிக்கு உள்ள பங்கைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உடனே பதில் எழுதினார். பரிசு மூவருக்கும் போனது. தன் பெயர் விட்டுப்போனால் அவருக்குக் கவலையில்லை. இன்னொருவர் பெயர் விட்டுப்போனால் பேனாவை எடுத்தார்.

1904-ல் சொர்போனில் பேராசிரியர் பதவி, 1905-ல் அறிவியல் கழக உறுப்பினர். எல்லாம் தாமதமாக வந்தன. 1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸில் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியின் கீழ் விழுந்து இறந்தார். 47 வயதுகூட முடியவில்லை. கதிரியக்க வேலை ஒரு நிலைக்கு வந்ததும் படிகங்களுக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அது நடக்கவில்லை. அவருடைய வகுப்புகளை மேரி ஏற்றார். சொர்போனில் பாடம் நடத்திய முதல் பெண் அவர். நடைவழிக் காலத்து மாணவரான லாஞ்ஜெவன், முதல் உலகப்போர் சமயத்தில் அதே குவார்ட்ஸைக் கொண்டு கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் மீயொலிக் கருவியை உருவாக்கினார். 1995-ல் பிரான்ஸ் அரசு பியரையும் மேரியையும் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றி மரியாதை செய்தது.

என் கடன்

இனி நான் சொல்ல வேண்டியது. மூன்றாம் வருடம், மினி புராஜெக்ட்டுக்காக நம் இயற்பியல் துறை படிக ஆய்வகத்துக்கு மாலை வேளைகளில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆராய்ச்சி மாணவியான ஒரு அக்கா, டி.ஜி.எஸ். படிகம் வளர்த்துக்கொண்டிருந்தார். கரைசலை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, தினமும் துளித்துளியாகச் சூட்டைக் குறைத்து வளர்க்கும் முறை. இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசியாகக் கிளம்பியவன் நான். கரண்ட் வீணாகக் கூடாதே என்று நல்ல பிள்ளையாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை தொட்டி ஆறிக் கிடந்தது. கரைசல் சட்டென்று குளிர்ந்ததில் அடியெல்லாம் சர்க்கரை கொட்டியதுபோலக் குட்டிப் படிகங்கள். அவை அப்பிக்கொண்டதில் பெரிய படிகமும் கெட்டுவிட்டது. ஆய்வகத்தைப் பூட்டும் பொறுப்பு லேப் அண்ணனுடையது. திட்டு முழுவதும் அவருக்கு விழுந்தது, மெமோவும் கொடுத்தார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் கண்ணாடிக் குச்சியால் கரைசலைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நான்தான் அணைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் இன்டர்னல் மார்க் பற்றித்தான் யோசித்தேன் என்பது உண்மை.

பணி ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கு இந்த ஒன்றுகூடலில் பொன்னாடை போர்த்துகிறோம் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் லேப் அண்ணன் பெயரும் இருந்தது. நான் மேடையில் கீழே உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போக முடியுமா? போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு, அந்த மெமோவால் ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப்போனது என்றார். காபி வந்தது. குடித்து முடித்ததும், தன்னிடம் சொன்னது போதாது, அந்தப் பொண்ணும் இத்தனை வருடம் தன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும், அதுக்கும் சொல்லிடுங்க தம்பி என்றார். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு அன்றிரவே எழுதினேன். சங்கத்துக்கும் நடந்ததை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது, அன்று ஆய்வகத்தில் இருந்த மற்ற நண்பர்களுக்காக.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நம் ஆய்வகம் சின்னது, கருவி பழசு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் நடைவழியில் நின்றே வெப்பத்தையும் காந்தத்தையும் அளந்து முடித்தார். ரெக்கார்டில் பக்கத்து பெஞ்சு அளவைக் காப்பி அடிக்காதீர்கள். செய்த வேலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை, அது புகழானாலும் பழியானாலும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பியர் கியூரி ஒரே ஒரு கடிதத்தில் அதைச் செய்தார். எனக்குப் பதினைந்து வருடம் ஆனது.

வைவாவில் யாராவது உங்களிடம் இந்தக் கியூரி யார் என்று கேட்டால், சரியாகச் சொல்லுங்கள். ஒன்றுகூடலில் சந்திப்போம்.